ஏடிஎஸ்எல்லை விட்டுக் கேபிள் நெட்டுக்கு மாறலாமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் இன்னும் ஃபைபர் வரவில்லை. பாதி வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழியாக வரும் பழைய ஏடிஎஸ்எல், மீதி வீடுகளில் கேபிள்காரர் கொடுக்கும் இணைப்பு. யாராவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைத்தால் என்னிடம் வந்து கேட்பார்கள், நானும் அதே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

ரெண்டுமே வீட்டுக்குள்ள ஒரு வயர்ல தானே வருது, அப்புறம் என்ன வித்தியாசம்?

ஏடிஎஸ்எல்லில் உங்கள் வீட்டிலிருந்து தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் போகும் இரண்டு செப்புக் கம்பிகள் உங்களுக்கு மட்டும்தான். பேச்சுக்கு அதில் 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேலே சும்மா கிடக்கும் அலைவரிசையில், ஏடிஎஸ்எல் என்றால் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை, அதற்குப் பின்னால் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை, இணையம் ஓடுகிறது. பேசிக்கொண்டே நெட் பார்க்க முடிவது அதனால்தான். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியது இந்த வழியில்தான்.

கேபிளில் டிவி வரும் அந்தத் தடித்த வட்டக் கம்பியிலேயே சில சேனல்களை இணையத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கம்பி தெருவுக்கே பொது. ஆகவே ஏடிஎஸ்எல்லில் நீங்கள் பார்க்க வேண்டியது எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு தூரம் என்பதை, கேபிளில் பார்க்க வேண்டியது அதே நேரத்தில் எத்தனை வீடுகள் அதே கம்பியில் இருக்கின்றன என்பதை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

கேபிள்காரர்தான் குடுக்குறாரு, ஆனா டிவி வயர்ல வரலையே. இது கேபிள் நெட்டா இல்லையா?

நல்ல கேள்வி, இதைக் கவனிக்காமல் மாறியவர்கள்தான் அதிகம். நடுவில் ஒரு செப்பு ஊசியும் வெளியே திருகும் இருக்கிற முனை மோடத்தில் ஏறினால் அது உண்மையான கேபிள் நெட், டாக்சிஸ் என்ற முறையில் ஓடுவது. கம்ப்யூட்டரில் செருகும் அந்தச் சதுர முனை, எட்டுத் தகடுகள் தெரிவது, அதுவானால் உங்களுக்கு வருவது லேன் கம்பி.

நம் ஊர்களில் கேபிள் நெட் என்று சொல்லப்படுவதில் நிறைய இந்த இரண்டாவது வகை. யாரோ ஒருவர் வீட்டுச் சுவரிலோ மொட்டை மாடியிலோ ஒரு தகரப் பெட்டி இருக்கும், அதுவரை ஃபைபர் வரும், பெட்டிக்குள் எட்டோ பதினாறோ துளை உள்ள ஒரு ஸ்விட்ச் (ஒரு இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி), அதிலிருந்து மாடி மாடியாகத் தாண்டி, தென்னை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உங்கள் ஜன்னல் வழியே உள்ளே வரும். லேன் கம்பிக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் இழுத்தால் நடுவில் இன்னொரு ஸ்விட்ச் வேண்டும், இல்லையென்றால் இணைப்பு விட்டு விட்டு வரும். கம்பிக்குள் எட்டு இழைகளில் நான்கை மட்டும் முறுக்கி மாட்டியிருந்தால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் அதில் வரவே வராது.

50 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தேன், டவுன்லோடு பண்ணா 6க்கு மேல காட்ட மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?

இல்லை. நிறுவனம் எம்பிபிஎஸ் என்று சொல்வது பிட் கணக்கு (ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட்), டவுன்லோடு ஜன்னல் காட்டுவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 50ஐ 8ஆல் வகுத்தால் 6.25, அதனால் 6 காட்டினால் சரியாகத்தான் வருகிறது. இரண்டு இணைப்புகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஏடிஎஸ்எல்ல 24 எம்பிபிஎஸ் வரைன்னு சொல்றாங்க, எனக்கு 5 கூட வரலை, ஏன்?

'வரை' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ஸுக்கு 24 என்பது எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்கான கணக்கு. கம்பி நீள நீள உயர் அலைவரிசைகள்தான் முதலில் தேய்ந்து போகும், வேகம் இருப்பதும் அங்கேதான். நல்ல கம்பியாக இருந்தால் ஒரு கிலோமீட்டரில் 20 பக்கம் வரும், மூன்று கிலோமீட்டரில் 8 பக்கம் வந்தால் நல்லது, ஐந்தைத் தாண்டினால் இணைப்பு நிற்பதே கஷ்டம். இதில் தூரம் என்பது கம்பியின் நீளம். எக்ஸ்சேஞ்ச் உங்கள் மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரியும், ஆனால் கம்பி மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும்.

இன்னொன்று, மோடம் எக்ஸ்சேஞ்சுடன் பேசிப் பிடிக்கும் வேகம் முழுதும் உங்கள் கைக்கு வராது. ஏடிஎஸ்எல்லில் தகவல் 53 பைட் உள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது, அதில் 5 பைட் முகவரிக்கே போய்விடும். மற்றச் செலவுகளும் சேர்ந்து நூற்றுக்குப் பத்துப் பதினைந்து குறையும். மோடம் 8 பிடித்தால் உங்களுக்கு 7 வரும், அது கோளாறு அல்ல.

என் லைன் எவ்வளவு தாங்கும்னு நானே பார்க்க முடியுமா?

முடியும், மாறுவதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ஏடிஎஸ்எல் மோடங்களின் பக்கம் திறக்கும், ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் மூன்று எண்கள் தேடுங்கள். முதலாவது மோடம் பிடித்த வேகம். இரண்டாவது அட்டென்யுவேஷன், அதாவது வழியில் எவ்வளவு தேய்ந்தது என்பது. தோராயமாக ஒரு கிலோமீட்டருக்கு 14 டெசிபல், ஆகவே 28 என்றால் இரண்டு கிலோமீட்டர், 42 என்றால் மூன்று. மூன்றாவது எஸ்என்ஆர் மார்ஜின், இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்பது. வழக்கமாக 6 டெசிபலாவது வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள், அதற்குக் கீழே இறங்கினால் அடிக்கடி அறுந்து அறுந்து வரும்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அட்டென்யுவேஷன் 55 என்றால் எந்த லைன்மேன் வந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, தாராளமாக மாறலாம். அட்டென்யுவேஷன் 25, ஆனால் வேகம் 3 என்றால் மாற அவசரப்பட வேண்டாம். கம்பியில் எங்கோ ஒரு குறை இருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியும்.

கம்பில குறைன்னா, என்ன மாதிரி?

முதலில் வீட்டுக்குள் பாருங்கள். தொலைபேசியையும் மோடத்தையும் பிரிக்கும் அந்தச் சின்ன ஸ்ப்ளிட்டர் பெட்டி, படுக்கையறைக்கு இழுத்த பழைய எக்ஸ்டென்ஷன் கம்பி, பதினைந்து மீட்டர் தட்டையான டெலிபோன் வயர், இவை மூன்றும் வேகத்தைத் தின்னும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியிலேயே மோடத்தை மாட்டி மேலே சொன்ன எண்களை மறுபடி பாருங்கள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் கரகரவென்று சத்தம் வருகிறதா, அதுவும் குறைதான்.

வெளியே என்றால் பெரும்பாலும் ஜாயிண்ட். எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க இணைப்பு நாளுக்குப் பத்து முறை அறுந்துகொண்டிருந்தது. கடைசியில் லைன்மேன் கம்பத்தில் ஏறி டேப்பைப் பிரித்தபோது உள்ளே செப்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. இரண்டு விரல் நீளம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசாக முறுக்கி மூடினார், கால் மணி நேர வேலை. மார்ஜின் 5லிருந்து 11க்கு ஏறியது. அதே கம்பி, அதே தூரம். அன்றைக்கு முன்தினம்தான் நான் கேபிளுக்கு முன்பணம் கட்டுவதாக இருந்தேன்.

சரி, இப்ப வர்ற வேகத்தைச் சரியா அளக்குறது எப்படி?

வைஃபையில் அளக்காதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஹாலில் உட்கார்ந்து போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுவிட்டு நிறுவனத்தைத் திட்டுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு அடுக்ககத்தில் இருபது ரூட்டர்கள் அந்த மூன்றில் நெருக்கியடிக்கும்போது நீங்கள் அளப்பது இணைப்பை அல்ல, நெரிசலை. லேப்டாப்பை லேன் கம்பியில் மோடத்தோடு நேராக மாட்டுங்கள். வீட்டிலுள்ள மற்ற போன், டிவி எல்லாவற்றின் வைஃபையையும் அணைத்துவிடுங்கள், பின்னால் ஒரு போன் சத்தமில்லாமல் அப்டேட் இறக்கிக்கொண்டிருந்தால் அளவே பாழ்.

ஒரு முறை அளந்தால் போதாது. காலை 6, மதியம் 3, இரவு 9, இந்த மூன்று நேரத்திலும் குறைந்தது நான்கைந்து நாள், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வரவேண்டும். ஸ்பீட் டெஸ்ட் ஒன்று, கூடவே ஏதாவது ஒரு பெரிய கோப்பை உண்மையாகவே இறக்கிப் பார்ப்பது ஒன்று. 700 மெகாபைட் கோப்பு 8 எம்பிபிஎஸ்ஸில் 12 நிமிடத்துக்குள் இறங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், இறக்கம் (டவுன்லோடு), ஏற்றம் (அப்லோடு), பிங் (ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்). நோட்டு நிறைந்ததும் இரவு 9 மணி வரிகளை மட்டும் தனியாகப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் இருப்பது அப்போதுதான், அந்த நேர வேகம்தான் உங்கள் வேகம்.

பக்கத்து வீட்டுல கேபிள்ல 90 வருது, நான் மாறினா எனக்கும் 90 வருமா?

எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். காலையில் பார்த்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மேலே சொன்ன மாதிரியே அவர் வீட்டில் இரவு 9 மணிக்கு ஒரு வாரம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே மாட்டிப் பாருங்கள். அப்புறம் முக்கியமாக, உங்களுக்கும் அதே பெட்டியிலிருந்துதான் கம்பி வருமா என்று கேபிள்காரரிடம் கேளுங்கள். எங்கள் தெருவின் கிழக்குப் பக்கம் ஒரு பெட்டி, மேற்குப் பக்கம் இன்னொன்று, இரண்டுக்கும் இரவு வேகம் ஏணி வைத்தாலும் எட்டாது.

நைட்டு ஒன்பது மணியானா மட்டும் கேபிள் படுத்துடுதே, ஏன்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். டாக்சிஸ் முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டிவி சேனலில் சுமார் 50 எம்பிபிஎஸ் ஓட்டலாம். 2006ல் வந்த டாக்சிஸ் 3.0 பல சேனல்களை ஒன்றாகக் கட்ட வழிசெய்தது, நான்கு சேனல் கட்டினால் 200. அந்த 200ஐ ஒரு பகுதியிலுள்ள எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்கும் 50 என்று விற்றிருப்பார்கள். அதில் தவறில்லை, எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. ஆனால் இரவு 40 வீடுகளில் ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் படம் ஓடினாலே 200 தீர்ந்துவிட்டது.

லேன் வகையில் இடுக்கு அந்தத் தகரப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்குள் வரும் வழியே 100 எம்பிபிஎஸ், அதில் 16 வீடு என்றால் எல்லோரும் இழுக்கும்போது ஆளுக்கு 6. ஏடிஎஸ்எல்லிலும் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் பகிர்வுதான், ஆனால் கம்பியிலேயே வேகம் குறைவாக இருப்பதால் அங்கே நெரிசல் அவ்வளவு கண்ணில் படுவதில்லை. மாறாத 8 வேண்டுமா, பகலில் 50 இரவில் 6 வேண்டுமா என்று யோசித்து முடிவெடுங்கள். நான் மாறாத 8ஐத்தான் எடுப்பேன்.

ஸ்பீட் டெஸ்ட்ல 50 முழுசா வருது, யூட்யூபும் ஓடுது, ஆனா ஆபீஸ் வேலை மட்டும் நத்தை மாதிரி. எப்படி?

ஸ்பீட் டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் உங்களுக்கு நெட் கொடுக்கும் நிறுவனத்துக்குள்ளேயோ அதே ஊரிலோ இருக்கும். யூட்யூப் போன்ற பெரிய தளங்கள் தங்கள் படங்களின் பிரதியை நிறுவனங்களின் உள்ளேயே வைத்திருக்கின்றன. அதனால் இவை இரண்டும் வெளியே போகாமலே முடிந்துவிடும். உங்கள் ஆபீஸ் சர்வர் வேறு நாட்டில் இருந்தால் நிறுவனம் வெளியே எவ்வளவு அலைவரிசை வாங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு, சின்ன நிறுவனங்கள் அங்கேதான் சிக்கனம் பிடிக்கும். டெஸ்டில் சர்வரை நீங்களே மாற்றி சிங்கப்பூர், மும்பை என்று வைத்தும் அளந்து நோட்டில் எழுதுங்கள்.

அப்லோடு வேகமெல்லாம் நாம பார்க்கணுமா? நாங்க படம்தான் பாக்குறோம்.

பார்க்க வேண்டும், வீட்டில் ஒரு பிள்ளை வீடியோவில் வகுப்பு கேட்டாலே பார்க்க வேண்டும். ஏடிஎஸ்எல்லில் ஏற்றம் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும், பெயரிலேயே இருக்கும் முதல் எழுத்து இறக்கமும் ஏற்றமும் சமமில்லை என்பதற்காகத்தான். 0.8 எம்பிபிஎஸ்ஸில் ஒரு ஜிகாபைட் கல்யாணப் படங்களை ஏற்ற மூன்று மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். அந்த நேரம் முழுக்க ஏற்றப் பாதை அடைத்துக்கொள்வதால் இறக்கமும் தடுமாறும். டாக்சிஸிலும் ஏற்றம் குறைவுதான், கம்பியின் அடி அலைவரிசைகளில் போவதால் தளர்ந்த முனைகள் வழியே இரைச்சல் நிறைய ஏறும். லேன் வகையில்தான் ஏற்றமும் இறக்கமும் சமமாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஏற்றம் நிறையத் தேவைப்படும் வீட்டுக்கு இந்த ஒரு காரணமே மாறப் போதுமானது.

கேம் விளையாட எது நல்லது?

வேகத்தைவிடப் பிங் முக்கியம். லேன் வகையில் முதல் தாவலுக்கு, அதாவது உங்கள் வீட்டிலிருந்து நிறுவனத்தின் முதல் கருவி வரை போய்வர, இரண்டு மூன்று மில்லி விநாடிதான். ஏடிஎஸ்எல்லில் இண்டர்லீவிங் என்று ஒரு பிழைதிருத்தம் போட்டிருப்பார்கள், அது இருபது முப்பது கூட்டிவிடும். மார்ஜின் நன்றாக இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லி எக்ஸ்சேஞ்சில் கேட்கலாம்.

கரண்ட் போனா, மழை பெஞ்சா எது நிக்கும்?

எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும். வீட்டில் மோடத்தை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டால் தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் ஏடிஎஸ்எல் ஓடும். கேபிளில் நடுவிலுள்ள சிக்னல் பெருக்கியோ தகரப் பெட்டி ஸ்விட்சோ யார் வீட்டுக் கரண்டில் ஓடுகிறதோ அவர் மெயினை அணைத்தால் உங்களுக்கும் போச்சு. பெட்டிக்குப் பேட்டரி வைத்திருக்கிறாரா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேபிள்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

மழைக்கு ஏடிஎஸ்எல் பலவீனம், பச்சைக் களிம்புக் கதையைத்தான் சொன்னேனே. இடிக்கு லேன் பலவீனம். மொட்டை மாடி மேல் திறந்த வெளியில் வரும் கம்பி வழியே ஒரு இடியில் ஸ்விட்ச் துளை, ரூட்டர், சில சமயம் கம்ப்யூட்டர் வரை போய்விடும். வானம் உறுமினால் கம்பியைக் கழற்றி வையுங்கள், மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது.

மாறினதுக்கு அப்புறம் வீட்டு சிசிடிவியை வெளியில இருந்து பார்க்க முடியலையே?

ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, ரூட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரி) என்ன என்று பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, உங்களுக்குத் தனி முகவரி இல்லை, பல வீடுகளுக்கு ஒரே முகவரி. வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய உங்களுக்கே உரிய முகவரி, தருவார்களா, மாதம் எவ்வளவு என்று சேரும் முன்பே கேளுங்கள். அல்லது கேமரா நிறுவனத்தின் செயலி வழியே ஓடும் கேமராவாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மாசம் 600ன்னு சொன்னாங்க, பில் 708 வருது. இன்னும் என்னென்ன கேட்கணும்?

18 சதவீதம் ஜிஎஸ்டி, 600க்கு 108. அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், குறைந்தால் எவ்வளவு என்பது. 50 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிபிக்கு மேல் தீரும், ஆகவே எல்லை 200 ஜிபி என்றால் அந்த 50 வெறும் ஒன்பது மணி நேரத்துக்கானது. மோடம் வாடகையா சொந்தமா, டெபாசிட் திரும்புமா, இதையும் எழுதி வாங்குங்கள்.

ஒரு வருஷம் மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீங்கறாங்க, கட்டிடலாமா?

முதல் மாதம் வேண்டவே வேண்டாம். ஒரு மாதம் மட்டும் கட்டி, பழைய ஏடிஎஸ்எல்லையும் அந்த மாதம் உயிரோடு வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாத இரட்டைச் செலவு வலிக்கும்தான், ஆனால் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு இரவில் 6ஐப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிடக் குறைவு. என் தங்கை வீட்டில் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள், ஐந்தாம் மாதம் அந்தக் கேபிள்காரர் தொழிலையே விட்டுவிட்டார், மீதிப் பணம் வரவே இல்லை.

மாறுவது உறுதியானதும் பழையதை எழுத்தில் சரண்டர் செய்யுங்கள், மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பிராட்பேண்டை மட்டும் நிறுத்திவிட்டுத் தொலைபேசி எண்ணை வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்த எண்தான் சொந்தக்காரர்களுக்கு மனப்பாடம்.

ஆறு மாசத்துல ஃபைபர் வந்துடும்ங்கறாங்க, அதுவரைக்கும் பொறுக்கலாமா?

ஃபைபர் வந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதி தேவையே இல்லை, தூரத்தால் தேய்வதும் இல்லை, மழைக்கு அரிப்பதும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் இரண்டு வருடமாக அதே ஆறு மாதம்தான் சொல்கிறார்கள். உங்கள் நோட்டில் இரவு 9 மணி வரி வீட்டுத் தேவைக்குப் போதுமாக இருந்தால் பொறுங்கள். போதவில்லை என்றால் மாதாமாதம் கட்டும் திட்டத்தில் கேபிள் எடுங்கள், தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபர் குழாய் இறங்குவதைக் கண்ணால் பார்த்த மாதம் நிறுத்திக்கொள்ளலாம்.